அத்தை மணி

ஜனவரி 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ, உன் மனைவி, வாண்டு மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? வாண்டுக்கு முன்பல் முளைத்துவிட்டதா?

உட்கார்ந்துகொண்டு படி. நான் லீவு போடப் போகிறேன். இருபத்திரண்டு வருஷமாக இந்த பஸ் டிப்போவின் நேர அட்டவணைப் பிரிவில் காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவள், ஜூன் மாதம் பன்னிரண்டு நாள் உன் தீவுக்கு வரப்போகிறேன். நீ அங்கே போய் ஏழு வருஷம் ஆகிறது. ஆறு வயது மருமகளை நான் இன்னும் போட்டோவில்தான் கொஞ்சிக்கொண்டிருக்கிறேன். வெட்கக்கேடு.

பயணத்திட்டம் தயார். அதிகாலை ரயில் ஐந்து ஐம்பதுக்கு. விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் சும்மா உட்காருவது, வேறு வழியில்லை. மறுநாள் பத்தரைக்கு விமானம் உங்கள் பெரிய தீவில் இறங்குகிறது. அங்கிருந்து உன் குட்டித் தீவுக்குப் படகு. அந்தப் படகு எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுது. என் தாளில் அந்த ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, கண்ணை உறுத்துகிறது.

போனில் கேட்கலாமே என்பாய். உன் தீவில் காற்றடித்தால் "ஹலோ, கேக்குதா?" என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. எழுதினால் எழுத்து நிற்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. முந்நூற்றுப் பதினான்கு பஸ்ஸுக்கு நேரம் போடுகிறேன். ஆனால் வீடு டிப்போவுக்கு எதிரிலேயே இருப்பதால் நடந்தே போய் நடந்தே வருகிறேன். நான் நேரம் போட்ட வண்டியில் நான் ஏறியதே இல்லை.

மூவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணல், உன்னுடையது மாதிரியே. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை சும்மா திட்டிக்கொண்டிருக்கிறாயா?

நீ வருகிறாய் என்று படித்ததும் உன் தம்பி மனைவி வீட்டைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். ஜூனுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது என்று சொன்னால் கேட்கவில்லை. வாண்டு உன் கடிதத்தின் பின்பக்கத்தை வாங்கிக்கொண்டாள். பழைய அட்டவணைத் தாளின் முதுகில் நீ எழுதுவது அவளுக்கு ரொம்ப வசதி. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, "பன்னெண்டாம் நம்பர் ஆறு பத்துக்கு! ஏறுங்க ஏறுங்க!" என்று விளையாடுகிறாள். அவள் பஸ்ஸை நேரில் பார்த்ததே இல்லை. இந்தத் தீவில் பஸ் கிடையாது.

இப்போது படகு விஷயம். எப்படிச் சொல்வது? படகுக்கு மணி கிடையாது அக்கா.

செவ்வாயும் வெள்ளியும் பெரிய தீவிலிருந்து கிளம்பும். எங்கள் தீவைச் சுற்றிப் பவளப் பாறை. நடுவில் ஒரே ஒரு வழி. தண்ணீர் ஏறி நிற்கும்போதுதான் படகு அதில் நுழைய முடியும். தண்ணீர் தினமும் ஒரே நேரத்தில் ஏறாது. ஒருநாள் காலையில், ஒருநாள் மத்தியானம். படகுக்காரரைக் கேட்டேன். "தண்ணி சொல்றப்போ கிளம்புவேன்"னு சொல்லிட்டார். பயணிகள் விடிந்ததும் வந்து துறையில் உட்கார்ந்துவிடுவார்கள். தவறவிட்டால் அடுத்த படகு வரை பெரிய தீவிலேயே மூன்று நான்கு நாள். உன் பன்னிரண்டில் நாலு போய்விடும்.

கோபப்படாதே. ஐஸ் ஆலையில் என் வேலை ஒழுங்காக ஓடுகிறது.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 3

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம், என்னைத் தவிர. உன் கடிதம் படித்ததிலிருந்து எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

விடிந்ததும் வந்து உட்காருவார்களாம்! கைக்குழந்தைக்காரி, வயசானவர், எல்லாரும் கொட்டுக் கொட்டென்று விழித்துக்கொண்டு தண்ணீர் எப்போது சொல்லும் என்று காத்திருக்க வேண்டுமா? இதற்குப் பெயர் போக்குவரத்தா? ஒருவரைக் காக்க வைப்பது அவர் பைக்குள் கையை விடுவது மாதிரி என்று என் பிரிவுக்கு வரும் புது ஆட்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். உன் படகுக்காரர் ஊரையே கொள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்.

தண்ணீர் தினமும் வேறு வேறு நேரத்தில் ஏறுகிறது, சரி. எவ்வளவு வேறு என்று யாராவது எழுதி வைத்தார்களா? வேறு என்பதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கும். இன்றிலிருந்து உன் தீவுத் துறையில் ஒரு கம்பத்தில் கோடு போடு. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொடும் நேரத்தைத் தினமும் குறி. சோம்பல் படாதே. ஒரு நாள் விட்டாலும் எனக்குத் தெரிந்துவிடும். உன் கையெழுத்திலேயே தெரியும்.

பாறை வழிக்குப் பெரிய தீவிலிருந்து எத்தனை நிமிஷம் ஓட்டம் என்றும் எழுது. "கொஞ்ச நேரம்" என்று எழுதினால் கிழித்துப்போடுவேன்.

வாண்டுக்கு முத்தம். ஏழாம் நம்பர் தாளும் சேர்த்து அனுப்புகிறேன், விளையாடட்டும்.

அக்கா


மார்ச் 12

அன்பு அக்கா,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

இத்துடன் முப்பது நாள் கணக்கு. ஒரு நாள்கூட விடவில்லை. சிவப்புப் பெயிண்ட் அடித்த கோடு. நான் ஆலையில் மாட்டிக்கொண்ட நாட்களில் வாண்டும் அவள் அம்மாவும் துறையில் நின்று பார்த்தார்கள். பாறை வழிக்கு ஓட்டம் அறுபத்தைந்து நிமிஷம். மூன்று தடவை அளந்தேன்.

ஜூன் லீவு கையெழுத்தாகிவிட்டதா? மெத்தை வாங்கிவிட்டோம். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற அறை உனக்குத்தான். தேதி தெரிந்தால் படகில் உனக்கு நிழலான இடம் சொல்லி வைப்பேன்.

பதில் போடு.

தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

இங்கு சுகம். அங்கும் சுகம்தானே?

பதில் தாமதமாகிவிட்டது. ஆபீஸில் வேலை. ஜூனில் வர முடியாது போலிருக்கிறது. மெத்தையை வாண்டுக்குக் கொடுத்துவிடு. கணக்கைப் பார்த்தேன். சரியாக எழுதியிருக்கிறாய். பிறகு பார்க்கலாம்.

மனிதர்கள் பஸ்ஸில் என்னென்ன விட்டுவிட்டுப் போகிறார்கள் தெரியுமா? குடை மட்டும் நூற்றுப் பதினொன்று. ஒற்றைச் செருப்பு ஒன்று, ஒற்றைச் செருப்போடு ஒருவர் எப்படி வீடு போய்ச் சேர்ந்தாரோ. நேற்று ஒரு பல்செட்டு. அதன் சொந்தக்காரர் வாயைத் திறந்து கேட்க வரமாட்டார் என்று இங்கிருக்கும் கடைநிலை ஊழியர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

அவ்வளவுதான். எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்கா,

நாங்கள் மூவரும் நலம். உன் நலத்தை நீ இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டாய், அதனால் திரும்பவும் கேட்கிறேன்: எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தைத் திருப்பிப் பார்த்து வாண்டு ஏமாந்துபோனாள். பின்பக்கத்தில் பஸ் நேரம் இல்லை. 'உரிமை கோரப்படாத பொருட்கள்' என்று ஏதோ படிவம். "அத்தை பஸ்ஸெல்லாம் எங்கப்பா போச்சு?" என்றாள். தாள் தீர்ந்திருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

பல்செட்டுக்காரர் வந்தாரா? எழுது.

எனக்கு இங்கே ஒரு வம்பு. வாய் சும்மா இருக்காமல் துறையில் உன்னைப் பற்றிப் பேசிவிட்டேன். படகுக்காரர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "தம்பி, ஒங்க அக்கா பஸ்ஸுக்கு வேணா நேரம் போடட்டும். கடலுக்கு யாரு நேரம் போட்டிருக்கா? எங்கப்பாவே போட்டதில்ல." எனக்குச் சுருக்கென்றது. "எங்க அக்கா போடுவாங்க"ன்னு சொல்லிட்டேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். மீன் ஏற்றுகிறவர்கள், பள்ளிக்கூடத்து ஆட்கள், தபால்காரர், எல்லாரும் கேட்டார்கள். இப்போது போகிற வருகிறவரெல்லாம் "என்னாச்சு ஒங்க அக்கா அட்டவணை?" என்று பிடுங்குகிறார்கள். வெளியே தலைகாட்ட முடியவில்லை.

இத்துடன் மீதி நாட்களின் கணக்கு. என் மானம் உன் கையில்.

தம்பி


மே 30

தம்பிக்கு,

நான் நலம். உண்மையாகவே. நீங்கள் எல்லாரும் நலம்தானே?

உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கி அனுப்பலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். பிறகு குடைகளை மேஜையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு உன் கணக்கை விரித்தேன்.

அந்தக் கடலை நீங்கள் எல்லாரும் அநியாயமாகப் பழித்திருக்கிறீர்கள். அதுபோல் ஒழுங்கான பிறவி கிடையாது. ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட ஐம்பது நிமிஷம் தள்ளி வருகிறது. நாளுக்கு இரண்டு தடவை ஏறுவதால் பதினைந்து நாளில் சுற்றி வந்து பழைய இடத்தில் நிற்கிறது. அமாவாசையும் பௌர்ணமியும் காலண்டரில் போட்டிருக்கிறதே, அதோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் போதும். என் முந்நூற்றுப் பதினான்கு டிரைவர்களில் பாதிப் பேர் இந்தக் கடலிடம் பாடம் படிக்கலாம். நிமிஷம் அங்கே இங்கே பத்து பிசகும், காற்றடித்தால் இருபது. அதற்கு இடம் விட்டிருக்கிறேன்.

ஜூனிலிருந்து செப்டம்பர் முடிய, செவ்வாய் வெள்ளி எல்லாம், பெரிய தீவிலிருந்து படகு கிளம்ப வேண்டிய நேரம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று தடவை சரிபார்த்தேன். பெரிய தீவுத் துறையில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டு. அடியில் என் பெயர் வேண்டாம். படகுக்காரரிடம் காட்டும்போது மட்டும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்.

செப்டம்பருக்கு லீவு கேட்டிருக்கிறேன். மெத்தையை வாண்டிடமிருந்து பிடுங்க வேண்டாம், நாங்கள் இருவரும் படுத்துக்கொள்கிறோம்.

பல்செட்டுக்காரர் வந்தார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, சைகையாலேயே கேட்டு வாங்கிப் போனார்.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்கா,

இங்கே அனைவரும் சுகம். உன் முழங்கால் எப்படி?

அட்டவணை செவ்வாய் ஒன்பதாம் தேதி கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை வாண்டுக்குக் கண் பரிசோதனைக்காக அவளும் அவள் அம்மாவும் பெரிய தீவுக்குப் போனபோது, கையோடு கொண்டுபோய்த் துறையில் ஒட்டிவிட்டார்கள். எல்லாரும் பார்த்தார்கள். ரொம்ப அழகாக இருக்கிறது என்றார்கள். எல்லாம் நன்றாகப் போகிறது. கவலைப்படாதே. செப்டம்பரில் எந்தத் தேதி என்று எழுது, நானே பெரிய தீவுக்கு வந்து விமான நிலையத்திலேயே உன்னைக் கூட்டிக்கொண்டு விடிகாலை முதல் துறையில் உட்கார்ந்துகொள்ளலாம், ஒரு ஜாக்கிரதைக்கு.

வாண்டு தனியாக ஏதோ எழுதிக் கவருக்குள் போட்டு, பசையும் அவளே தடவிவிட்டாள். படிக்கக் கூடாதாம்.

தம்பி

(கோடு போட்ட நோட்டுத் தாளில், பென்சிலால்)

அத்தைக்கு. நான் நல்லா இருக்கேன். கண்ணாடி போட்டாச்சு. செவ்வாக்கெழமை நாங்க படகை விட்டுட்டோம். உங்க பேப்பர்ல 10.20 போட்டிருந்துச்சு. நாங்க கரெக்டா பத்து மணிக்கே வந்தோம், நான் துறை கடியாரத்த பாத்தேன். படகு 9.20க்கே போயிடுச்சுன்னு டீக்கடை மாமா சொன்னாரு. பதினோரு பேர் விட்டுட்டோம். ஒரு தாத்தா கத்தினாரு. வெள்ளிக்கெழம வரைக்கும் அம்மாவோட ஃபிரெண்டு வீட்ல இருந்தோம். ஜாலி. அப்பா உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. அதான் எழுதுறேன், சொல்லல.


ஜூலை 1

தம்பிக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. உன்னோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது, அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

'எல்லாம் நன்றாகப் போகிறது' என்று எழுதிய கை உன் கைதானா? பதினோரு பேர் துறையில் நின்றிருக்கிறார்கள். என் மருமகள் மூன்று நாள் அடுத்தவர் வீட்டில் இருந்திருக்கிறாள். அது எனக்குத் தெரிய வேண்டாமா? அட்டவணை போட்டவளிடம் வண்டி தப்பியதை மறைப்பது, சமைத்தவளிடம் உப்பு இல்லை என்பதை மறைப்பதுபோல. அடுத்த நாளும் அப்படியே சமைப்பாள். என்னைப் பார்த்து நீ பரிதாபப்பட்டாயா? படாதே. எனக்குப் பிடிக்காது.

வாண்டு எழுதியதை நாற்பது தடவை படித்தேன். இரண்டாவது தடவையாகவும் பிசகிவிட்டேனா, எனக்கு வயதாகிவிட்டதா என்றே நினைத்தேன். அப்புறம்தான் அந்தப் பெண் எழுதிய இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பத்து இருபது. ஒன்பது இருபது.

சரியாக ஒரு மணி நேரம்.

தம்பி, தண்ணீர் பத்து நிமிஷம் பிசகும், இருபது நிமிஷம் பிசகும். சொல்லிவைத்தாற்போல அறுபது நிமிஷம் பிசகாது. அப்படிப் பிசகுவது மனுஷர்கள் மட்டும்தான். என் கணக்கை நான்காவது தடவையும் பார்த்துவிட்டேன், தப்பில்லை. ஆகவே ஒரே கேள்வி. அந்தக் கம்பத்தின் பக்கத்தில் நின்று, நீ எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினாய்?

என் கெட்டிக்காரியிடம் சொல், அவள் எழுதியதுதான் இந்த வருஷம் எனக்கு வந்த கடிதங்களிலேயே உருப்படியான கடிதம் என்று.

அக்கா


ஜூலை 13

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நான் மட்டும் தலை குனிந்து நலம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆலைச் சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்தேன்.

எங்கள் தீவு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

ஐஸ் ஆலையைத் தொடங்கிய முதலாளி, வெயில் ஏறுவதற்குள் ஐஸ் படகில் ஏற வேண்டும் என்று, ஆலைக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தாராம். சங்கு அந்த நேரத்துக்கு ஊதும். பள்ளிக்கூடம் சங்குக்கு. கடை சங்குக்கு. நாங்கள் தூங்குவதும் சாப்பிடுவதும் சங்குக்குத்தான். பெரிய தீவில் இறங்கினால் கை தானாகவே முள்ளை ஒரு மணி பின்னால் திருப்பும், ஏறினால் முன்னால் திருப்பும். மூக்கைச் சொறிவதுபோல, யாரும் யோசித்துச் செய்வதில்லை. நான் எங்கள் மணியில் எழுதி அனுப்பினேன். நீ அதைப் பெரிய தீவுத் துறைக்குப் போட்டாய். இடையில் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை எனக்கு. ஏழு வருஷம் பழகியது கண்ணுக்கே தெரியவில்லை.

தண்ணீரை நம்புகிற படகுக்காரர் ஒன்பது இருபதுக்கே கிளம்பிவிட்டார். அதாவது, நீ போட்ட அதே நேரத்துக்கு! அவரிடம் போய்ச் சொன்னேன். கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். அப்புறம் கேட்டார்: "கடலையே பாக்காத பொம்பள, அங்க உக்காந்துக்கிட்டு எங்க கடியாரம் தப்புன்னு கண்டுபிடிச்சிருச்சா?" ஆமாம் என்றேன். அக்கா, அப்போது என் நெஞ்சு இருந்த அகலத்துக்கு அந்தப் பாறை வழியில் நான் நுழைந்திருக்க முடியாது.

உன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன், உண்மை. மன்னித்துவிடு. ஏப்ரலிலிருந்து உன் கடிதத்தின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நானாகக் கேட்கமாட்டேன். ஆனால் நான் மறைத்ததை நீ பிடித்துவிட்டாய். இப்போது உன் முறை.

தம்பி


ஜூலை 27

அன்புத் தம்பிக்கு,

நான் சௌக்கியம். உங்கள் மூவரின் சௌக்கியத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன்.

முதலில் வேலை. எல்லா நேரத்திலும் ஒரு மணி குறைத்துப் புது அட்டவணை இத்துடன். பழையதைக் கிழித்துவிட்டு ஒட்டு. தீவே சேர்ந்து, இல்லாத ஒரு மணியில் வாழ்கிறீர்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. கடைநிலை ஊழியரிடம் சொன்னேன், அவர் பல்செட்டை மறந்துவிட்டு இப்போது இதைச் சொல்லித் திரிகிறார்.

இரண்டாவது, என் முறை.

மார்ச்சில் புது அட்டவணை போட்டேன். பத்தொன்பதாம் நம்பருக்குச் சாயங்காலம் திரும்பி வரும் வண்டியை எழுத மறந்துவிட்டேன். ஒரு வரி. துணி ஆலைப் பெண்கள் நாற்பத்திரண்டு பேர் வேலை முடிந்து இரண்டு மணி நேரம் மழையில் நின்றார்கள். புது அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "தட்டச்சு செய்யறப்போ வரி விட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுத்துடுங்கம்மா. ஒங்க பேரு கெடாது" என்றார். தட்டச்சு செய்கிற பெண்ணுக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த வரி என் கையெழுத்துத் தாளிலேயே இல்ல சார்"னு சொல்லிட்டேன். மறுநாள் என்னைக் கீழே, தொலைந்த பொருட்கள் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே ஆலை வாசலுக்குப் போனேன். பெண்கள் வெளியே வந்ததும், முந்தாநேத்து வண்டி வராதது என்னால்தான் என்று சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்க பஸ்ஸுக்குன்னு ஒரு ஆள் உக்காந்து யோசிக்குதுன்னே இப்பதாம்மா தெரியுது"ன்னாங்க. இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு யாரும் அதைச் சொன்னதில்லை. அழுகை வந்தது. அழுதேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், உன் வீட்டில் ஒரு பிள்ளை என் அட்டவணையை வைத்து நாற்காலி பஸ் ஓட்டுகிறது. அதனிடம் போய் அத்தை ஒரு பஸ்ஸை மறந்துவிட்டாள் என்று எப்படிச் சொல்வது? இப்போது சொல்லலாம். அவள் தாங்குவாள். நம்மைவிட அவளுக்குத் தைரியம் அதிகம்.

போன வாரம் அதிகாரி இறங்கி வந்தார். பள்ளி நேரம் மாறியதில் எட்டு வண்டி ஒன்றின் மேல் ஒன்று விழுகிறதாம், யாருக்கும் பிரிக்க வரவில்லை. குடைகளுக்கு நடுவில் நின்றபடியே பிரித்துக் கொடுத்தேன். "மேல வந்துடுங்கம்மா" என்றார். லீவு முடிந்து வந்து சொல்கிறேன் என்றேன். நூற்று முப்பது குடையை யாரிடம் ஒப்படைப்பது என்று ஒரு கவலையும் இருக்கிறது.

செப்டம்பர் 18, வெள்ளி. விமானம் பத்தரைக்கு. படகு, என் அட்டவணைப்படி, ஒன்று முப்பத்தைந்துக்கு. நீ கூட்டிப்போக வர வேண்டாம். விடிகாலையிலிருந்து உட்காரவும் வேண்டாம். நான் ஒன்று இருபதுக்குத் துறையில் நிற்பேன்.

அக்கா


செப்டம்பர் 15

(படகுக்காரர் கையில் கொடுத்தனுப்பியது)

அன்புள்ள அக்கா,

பயணம் சுகமாக இருந்ததா? இதைப் படிக்கும்போது நீ பெரிய தீவுத் துறையில் நிற்கிறாய். பக்கத்தில் கூட்டம் இருக்கும், ஆனால் விடிந்ததிலிருந்து காத்திருக்கிற கூட்டம் இல்லை. ஐந்து வாரமாக ஒருவர்கூடப் படகைத் தவறவிடவில்லை. அன்று கத்திய பெரியவர் உன் அட்டவணையைக் கையால் நகல் எடுத்து வீட்டில் மாட்டியிருக்கிறார்.

ஆலைக் கடிகாரத்தைச் சரிசெய்யலாமா என்று தீவில் கூட்டம் போட்டோம். மூன்று மணி நேரம் சண்டை. மாற்ற வேண்டாம், பழகிவிட்டது என்று முடிவாயிற்று. ஆனால் அதன் பக்கத்தில் இன்னொரு கடிகாரம் வாங்கி மாட்டியிருக்கிறோம், பெரிய தீவின் நேரத்தில். எது எது என்று தெரிய வேண்டாமா? அடியில் பலகை வைத்து வாண்டு எழுதினாள். முதலாவதின் கீழே 'எங்க மணி'. இரண்டாவதின் கீழே 'அத்தை மணி'. இப்போது தீவில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். "படகு அத்தை மணிக்கு எத்தனை?" என்று உன்னைப் பார்த்தே இராத ஆட்கள் கேட்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் நான் ஒரு சுற்றுப் பெருத்துவிடுகிறேன்.

பஸ் விட்டுப்போன கதையை வாண்டிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள். "அத்தையே போய் ஸாரி சொன்னாங்களா? தனியாவா?" என்றாள். ஆமாம் என்றேன். நாற்காலி பஸ்ஸில் இப்போது பத்தொன்பதாம் நம்பரும் ஓடுகிறது. சாயங்காலம் திரும்பி வருகிறது.

இன்று தண்ணீரைப் பார்க்காமல், உன் தாளைப் பார்த்துக் கிளம்புவதாகப் படகுக்காரர் சொல்லியிருக்கிறார். அவர் பரம்பரையிலேயே யாரும் செய்யாத காரியம். பார்த்துக்கொள்.

நாங்கள் துறையில் நிற்கிறோம்.

தம்பி


(அதே தாளின் பின்பக்கத்தில்)

செப்டம்பர் 18, படகில்

தம்பிக்கு,

வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்து பழக்கமில்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் உன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

நான் நலம். முழங்கால்கூட நலம். ஒன்று முப்பத்தைந்துக்குக் கயிற்றை அவிழ்த்தார். என் கடிகாரத்திலும் துறைக் கடிகாரத்திலும் பார்த்தேன். அவிழ்ப்பதற்கு முன் ஓரக்கண்ணால் ஒருமுறை தண்ணீரைப் பார்த்தார். நான் கவனித்துவிட்டேன் என்பதையும் அவர் கவனித்துவிட்டார். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

கடல் ரொம்பப் பெரிதாக இருக்கிறது. போட்டோவில் இப்படித் தெரியவில்லை. எனக்கு நிழலான இடம் ஒதுக்கிவைத்திருந்தார்கள். ஒரு கைக்குழந்தைக்காரிக்குக் கொடுத்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன். அவள், "நீங்க யாரு வீட்டுக்கும்மா?" என்று கேட்டாள். உன் பெயரைத்தான் சொல்லியிருக்க வேண்டும். வாய் முந்திக்கொண்டது. "இந்தப் படகுக்கு நேரம் போட்டது நான்தான்" என்று சொல்லிவிட்டேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். நம் வீட்டு வாய்.

பாறை தெரிகிறது. தண்ணீர் அதன் மேல் ஏறி நிற்கிறது.

நான் நேரம் போட்ட வண்டியில் நானே ஏறி உட்கார்ந்து போகிறேன் தம்பி. முதல் தடவை.

அக்கா